உங்கள் கணக்கு சரி, முடிவுதான் தவறு

(-3, 5, 7) பிரெட்சல் முடிச்சுக்கு (முறையே 3, 5, 7 முறை முறுக்கிய மூன்று இழைச் சோடிகளை இணைத்த முடிச்சு; கழித்தல் குறி எதிர்த்திசை முறுக்கு) அலெக்சாண்டர் பல்லுறுப்புக்கோவை, அதாவது முடிச்சுகளைப் பிரித்தறிய t என்ற மாறியில் எழுதும் கோவை, 1 என்று வந்ததால், அது முடிச்சே இல்லாத வெறும் வளையம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கணக்கில் பிழையே கிடையாது. நானும் போட்டுப் பார்த்தேன்: முடிச்சை விளிம்பாகக் கொண்ட பரப்பிலிருந்து எழுதும் சைஃபர்ட் அணியின் வரிசைகள் (1, 3), (2, 6). அதன் அணிக்கோவை பூஜ்யம், அதை வைத்து அலெக்சாண்டர் கோவையைக் கணக்கிட்டால் கடைசியில் t மட்டும் மிஞ்சுகிறது. t-இன் அடுக்குகளைப் பெருக்கி நீக்கலாம் என்பதால் அது 1-க்குச் சமம்.

சிக்கல் அடுத்த படியில். முடிச்சின் ஜீனஸ் என்பது, அதை விளிம்பாகக் கொண்ட பரப்புகளில் மிகக் குறைந்த துளை எண்ணிக்கை. கோவையின் படி (t-இன் மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த அடுக்குகளின் வித்தியாசம்) இந்த ஜீனஸைப் போல இரு மடங்கைத் தாண்டாது, அவ்வளவுதான். ஜீனஸ் குறைந்தது இவ்வளவு என்று அது சொல்லும். அதற்கு மேல் இல்லை என்று சொல்லாது. இந்த முடிச்சின் பரப்பை வரைந்து பாருங்கள்: இரண்டு வட்டத்தட்டுகள், நடுவே முறுக்கிய மூன்று பட்டைகள். ஆய்லர் எண் 2 - 3 = -1, விளிம்பு ஒன்று, ஆக ஜீனஸ் 1. அதைவிடக் குறையாது. காரணம், ஜீனஸ் 0 என்றால் அது வெறும் வளையம்தான்; ஆனால் இந்த முடிச்சின் திசையைத் திருப்பினால் பழைய முடிச்சு கிடைக்காது என்று கணிதவியலாளர் டிராட்டர் 1963-லேயே நிறுவிவிட்டார். வெறும் வளையத்தைத் திருப்பினால் அதே வளையம்தான்.

மாற்றுமுடிச்சுகளில், அதாவது கயிறு மேல், கீழ் என மாறி மாறிப் போகும் படம் உள்ளவற்றில், கோவையின் படி எப்போதும் ஜீனஸின் இரு மடங்குக்குச் சரியாகச் சமம். பாடநூல் உதாரணங்கள் பெரும்பாலும் அந்த ரகம், அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம்.

முடிச்சுகளுக்கான இன்னொரு கோவையான ஜோன்ஸ் கோவைக்குத் தாவலாம் என்று நினைக்காதீர்கள். 11 வெட்டுகள் கொண்ட கான்வே முடிச்சுக்கும் கினோஷிடா-டெராசாகா முடிச்சுக்கும் ஜோன்ஸ் கோவை ஒன்றே. ஜீனஸோ முறையே 3, 2. ஜீனஸைத் துல்லியமாகப் பிடிப்பது, அலெக்சாண்டர் கோவையைவிட நுட்பமான முடிச்சு ஃப்ளோர் ஹோமாலஜி என்ற கருவி.