மதர்போர்டைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: 2018இல் வாங்கிய கணினி. ரைசன் 5 1600 பிராசஸர், பி350 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). சைபர்பங்க் 2077 விளையாட்டில் நகரத்துக்குள் வண்டி ஓட்டினால் படம் திக்கித் திக்கி நிற்கிறது. அப்போதெல்லாம் கேபினெட்டின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். கையில் முப்பதாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. எதை மாற்றலாம்?
– கல்லூரி மாணவர், ராஜபாளையம்

பதில்: விளக்கைக் கவனித்து எழுதினீர்களே தம்பி, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. அது ஹார்டு டிஸ்க் விளக்கு. 8 ஜிபி ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் இறக்குகிறது. அதே நேரத்தில் விளையாட்டு, அடுத்த தெருவின் படங்களை அதே டிஸ்க்கில் தேடுகிறது. சுழலும் தட்டின் மேல் நகரும் அந்த முள் எத்தனை பேருக்குத்தான் ஓடும்? கிராபிக்ஸ் கார்டு கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. இந்த நிலையில் கார்டை மட்டும் மாற்றினால், காத்திருக்கும் கார்டின் விலை கூடும், அவ்வளவுதான்.

அந்த விளையாட்டின் தயாரிப்பாளர்கள் 2023இல் குறைந்தபட்சத் தேவைகளைத் திருத்தினார்கள். ரைசன் 5 1600, ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி என்று உங்கள் கணினியைப் பார்த்தே எழுதியதுபோல் இருக்கிறது அந்தப் பட்டியல். அதில் உங்களிடம் இல்லாதவை இரண்டே: 12 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எனப்படும் சுழலாத வேக டிஸ்க். முதல் செலவு அங்கேதான். இப்போதுள்ள ஸ்டிக்கின் வேகத்திலேயே இன்னொரு 8 ஜிபி வாங்கி, மதர்போர்டு கையேடு காட்டும் ஜோடித் துளைகளில் போடுங்கள். அளவு கூடுவதோடு, ரேமுக்கு இரண்டு பாதைகள் திறக்கும் இரட்டைச் சேனலும் கிடைக்கும். ரைசனுக்கு அது மிகவும் பிடிக்கும். பழைய டிஸ்க்கை எறிய வேண்டாம், சினிமா சேமிக்க ஆகும்.

அடுத்தது பிராசஸர். கடைக்காரர் கழிக்கச் சொன்ன மதர்போர்டுதான் உங்கள் சொத்து. பிராசஸர் உட்காரும் சாக்கெட் ஏஎம்4 வகை என்பதால், 2022இல் வந்த ரைசன் 5 5600 வரை பெரும்பாலான பி350 போர்டுகள் ஏற்கும். உங்கள் மாடலின் பெயர் தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர்களின் பட்டியலிலோ 1600 இல்லை, 5600 இருக்கிறது. அந்தத் தலைவலியும் தீரும்.

ஆனால் பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். கழற்றும் நாளில் பத்து நிமிடம் ஏதாவது விளையாடிவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்துக் கையோடு கழற்றுங்கள். பிராசஸருக்கும் அதன் மேலுள்ள கூலருக்கும் இடையே தடவிய பேஸ்ட், குளிர்ந்துபோனால் பசைபோல் பிடித்துக்கொள்ளும். கூலரை நேராக இழுத்தால், சாக்கெட் பூட்டியிருந்தாலும் பிராசஸர் அதோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். அடியில் 1331 பின்கள். ஒன்று வளைந்தாலும் வம்புதான். கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி தளர்ந்த பிறகு தூக்குங்கள்.

கார்டு கடைசியில். மேலே சொன்னவை முடிந்ததும் விளையாடிக்கொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கார்டின் உழைப்பு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், இனி அதன் முறை. எப்படியும் 1060க்கு வயதாகிவிட்டது: 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற விளையாட்டுகள், ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுப் படம் வரைதல்) வசதி இல்லாத கார்டில் ஓடாது. 1080பி மானிட்டருக்கு ஆர்எக்ஸ் 6600 கார்டு போதும். அது எடுப்பது 132 வாட். விலையைப் பார்த்து ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போய்விடாதீர்கள். மதர்போர்டோடு பேச நான்கே பிசிஐஇ லேன் (தரவுப் பாதை) கொண்ட கார்டு அது. அந்தப் பாதையின் பழைய மூன்றாம் தலைமுறையான (ஜென்3) உங்கள் போர்டில் மூச்சுத் திணறும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் படியுங்கள். 30 ஆம்பியர் என்றிருந்தால் 360 வாட், கவலை இல்லை. வெறும் 18 என்றிருந்தால் 450 என்பது பெட்டிக்கு மேல் எழுதிய அலங்காரம், அதை முதலில் மாற்றுங்கள். ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு வாரம் விளையாடிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கேள்வி: என்னுடையது இன்டெல் ஐ5 7400 பிராசஸர். அதே எல்ஜிஏ 1151 சாக்கெட்தானே, ஐ7 8700 போடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உட்காரும், ஓடாது. எட்டாம் தலைமுறைக்கு இன்டெல் 300 வரிசைச் சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) கேட்கிறது. உங்கள் போர்டில் ஐ7 7700 வரைதான் போகலாம். பழையது மலிவாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: வண்ண விளக்கு எரியும் கேபினெட் வாங்கினால் கேம் வேகமாக ஓடும் என்கிறான் என் மகன். உண்மையா சார்?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: இல்லை அம்மா. பையன் கெட்டிக்காரன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி இல்லாமல் வலை போட்டதாக இருந்தால் காற்றாவது போகும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதை வாங்குங்கள். அதற்கு முன் இப்போதுள்ள கேபினெட்டைத் திறந்து தூசியைத் தட்டச் சொல்லுங்கள், அவனையே.