வாசகர் கேள்வி: பேராதனை எப்போது என் இடமாகும்?

கேள்வி: ஐயா, பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் சேர்ந்து ஐந்து மாதங்களாகின்றன. விரிவுரைகள் விளங்குகின்றன, பரீட்சைப் பயமும் இல்லை. ஆயினும் இது என் இடம் என்ற எண்ணம் ஒரு நாளும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரமானால் மகியங்கனை வழியாக ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளும் இப்படியே போய்விடுமா?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: வார இறுதிகளை ஊருக்கே கொடுத்துவிட்டால், போய்விடத்தான் செய்யும். ஓர் இடம் நமக்குப் பழகுவது அங்கே வேலை ஏதுமின்றி இருக்கும் பொழுதுகளில்தான். உங்களுக்கோ பேராதனையில் அப்படி ஒரு சனிக்கிழமைகூட இதுவரை வாய்க்கவில்லை. நானும் அங்கே படித்தவன். முதலாம் ஆண்டு முழுவதும் விடுதிக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் இடையிலுள்ள பாதையை மட்டுமே அறிந்திருந்தேன். அந்த ஓராண்டை இழந்தது இன்றும் எனக்கு வருத்தந்தான்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் தொடங்கி, முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் காலத்தில், 1952 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. ஹந்தானை மலையடிவாரத்தில், மகாவலிக் கரையில், மாணவர் தங்கிப் பயிலும் வளாகமாகவே அது திட்டமிடப்பட்டது. ஆகவே விடுதி வாழ்வும் அங்கே கல்வியின் ஒரு பாதியாகும். அருணாசலம் விடுதியைக் கடந்து செல்லும்போது, இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 இலேயே சங்கம் அமைத்துப் போராடிய சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரை அது தாங்கி நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் மட்டக்களப்பு என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் ஊர் அண்ணாவிமார் என்னும் கூத்தாசான்கள் வட்டக்களரி எனப்படும் வட்ட அரங்கில் விடிய விடிய ஆடுவித்த கூத்தை, 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவர்களைக் கொண்டே சுருக்கிச் செப்பனிட்டு நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். அவ்வாறு மேடையேறிய ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, உங்களைப் போலவே மட்டக்களப்பிலிருந்து அங்கே படிக்க வந்தவர். ஊரை விட்டுவிட்டு வருபவர்களுக்கே அந்த வளாகம் இடம் கொடுக்கும் என்று நீங்கள் அஞ்சினால், அந்த அச்சத்துக்கு அங்கே ஆதாரமில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்ததை மற்றவர் முன் எடுத்துவைத்தவர்களாலும் உருவான இடம் அது.

மொழியும் உங்களைத் தடுக்கிறது என்று ஊகிக்கிறேன். அறைத்தோழி சிங்களவராயின், நாளுக்கு நான்கு சொற்களை அவரிடம் கேட்டு, நான்கு தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொடுங்கள். வளாகத்தை ஒட்டிய சரசவி உயன புகையிரத நிலையத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம்: சரசவி என்பது நம் சரஸ்வதி, உயன என்றால் பூங்கா. பிழையாகப் பேசிச் சிரிப்புக்கு ஆளாகி, மறுநாளும் பேசத் துணிவதுதான் ஆளுமை வளர்ச்சி என்று நான் கருதுகிறேன். அதற்கென நடத்தப்படும் பயிற்சிப் பட்டறைகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அடுத்த இரண்டு வார இறுதிகளில் ஊருக்குப் போகாதீர்கள். ஒரு நாள் குறிஞ்சிக் குமரன் கோவில் வரை ஏறுங்கள். இன்னொரு நாள் அக்பர் பாலத்தில் நின்று ஆற்றைப் பாருங்கள். ரொபரோசியா மரங்கள் பூத்து வீதியெங்கும் இளஞ்சிவப்பாய் உதிரும் காலம் எதுவென்று மேல் வகுப்பு அக்காமாரிடம் கேட்டு வையுங்கள். அந்தக் காலம் வந்ததும் நீங்கள் ஊருக்குப் போகாமல், அம்மாவை ஒருமுறை பேராதனைக்கு அழைத்து, யாரிடமும் வழி கேட்காமல் நீங்களே சுற்றிக் காட்டுங்கள்.