சட்டம் கேளுங்கள்

கேள்வி: வரப்புத் தகராறில் முன்சீப் கோர்ட் எங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அப்பீல் கெடு தாண்டி ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. இனி வழி உண்டா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: உண்டு, தம்பி. சார்பு நீதிமன்றத்தில் அப்பீல் செய்ய 30 நாள். முதலில் தீர்ப்பு நகலில் உள்ள முத்திரையைப் பாருங்கள்: நகலுக்கு மனு போட்ட தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் இருக்கும். நகல் பெறத் தேவைப்பட்ட நாட்கள் அந்த 30 நாள் கணக்கில் சேராது. மீதித் தாமதத்துக்கு, 1963 காலவரையறைச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைப் பிரமாணப் பத்திரத்தோடு அப்பீலுடனே கொடுங்கள். ‘உடல்நலக் குறைவு’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். அட்மிஷன், டிஸ்சார்ஜ் தேதிகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் வேண்டும். தாமதம் எத்தனை நாள் என்பதைவிடக் காரணம் உண்மையா என்றுதான் நீதிபதி பார்ப்பார்.

அப்புறம், நீதிமன்றக் கட்டணம் குறைந்தாலோ பெயர் பிழையானாலோ மனுவைத் திருப்பித் தருவார்கள். பயப்படாதீர்கள், அது தள்ளுபடி அல்ல. ஆனால் கொடுத்த தவணைக்குள் திருத்தித் திரும்பத் தாக்கல் செய்துவிடுங்கள். இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.