காவல்துறை மின்னதிர்வுத் துப்பாக்கியைப் பயன்படுத்துவது எப்போது நியாயமாகும்?

டேசர் என்று பரவலாக அறியப்படும் மின்னதிர்வுத் துப்பாக்கி, மெல்லிய கம்பி இணைத்த இரண்டு கூர்முனைகளை உடலில் பாய்ச்சி, விசையை ஒருமுறை அழுத்தினால் வழக்கமாக 5 விநாடிகள் மின்துடிப்புகளைச் செலுத்தும் கருவியாகும். நரம்புகள் தசைகளுக்கு இடும் கட்டளைகளை இத்துடிப்புகள் அமுக்கிவிடுவதால், தூக்கத்தில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ளும்போது கால் நம் சொல் கேளாமல் இறுகுவதைப் போல, உடலின் பெரும்பகுதி இறுகி ஆள் சாய்ந்துவிடுகிறார். விழும்போது கையை ஊன்றித் தலையைக் காத்துக்கொள்ளக்கூட அவரால் முடியாது. ஆகவே மாடி விளிம்பில் நிற்பவர்மீதும் ஓடுபவர்மீதும் இதைச் செலுத்துவது மிகவும் ஆபத்தானது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் கிரகாம் எதிர் கானர் வழக்கில், காவலர் பயன்படுத்தும் வலிமை நியாயமானதா என்பதை எடைபோட, குற்றத்தின் கடுமை, உடனடி ஆபத்து, கைதை எதிர்ப்பது அல்லது தப்பியோட முயல்வது ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளச் சொன்னது. இவற்றுள் உடனடி ஆபத்தே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. கத்தியோடு பிறரை நெருங்குபவரைத் துப்பாக்கியால் சுடாமல் இக்கருவியால் தடுக்க முடிந்தால் ஓர் உயிர் பிழைக்கக்கூடும். ஆனால் தரையில் உட்கார்ந்து எழ மறுப்பவர்மீதோ விலங்கு பூட்டப்பட்டவர்மீதோ பயன்படுத்தினால் அது விசாரணையின்றி வழங்கும் தண்டனையாகிறது. “கையைப் பின்னால் கட்டு” என்று உத்தரவிட்டுக்கொண்டே மீண்டும் மீண்டும் விசையை அழுத்துவது அதனினும் கொடியது, ஏனெனில் இறுகிய உடலால் அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியவே இயலாது.

இது உயிரைப் பறிக்காத கருவி என்று பலர் நம்புகின்றனர். துப்பாக்கிக் குண்டைவிட ஆபத்து குறைவு என்பது மட்டுமே உண்மை; ஆனால் இது பயன்படுத்தப்பட்ட பின்னும் மரணங்கள் நேர்ந்துள்ளன.