அலுமினியத்தில் துகள் கலந்தால் கடினம் கூடுகிறது, நீட்சி ஏன் குறைகிறது?

திருநெல்வேலியில் இயந்திரவியல் படிக்கும் தம்பி ஒருவரின் கேள்வி: 6061 அலுமினியத்தில் (மெக்னீசியமும் சிலிக்கனும் கலந்த ஓர் அலுமினிய உலோகக்கலவை) சிலிக்கன் கார்பைடு என்ற மிகக் கடினமான பீங்கான் வகைத் துகள் கலந்தால் கடினம் கூடினாலும், இழுக்கும்போது சீக்கிரம் உடைவது ஏன்? அதற்குப் பதில் நம்மூர் அரிசி ஆலை உமிச்சாம்பலைப் போடலாமா?

அலுமினியத்தின் மீள்மைக் குணகம், அதாவது விறைப்பின் அளவு, சுமார் 70 ஜிகாபாஸ்கல். சிலிக்கன் கார்பைடுக்கு 400-ஐ ஒட்டி வரும். கன அளவில் 20 சதவீதம் சேர்த்தால் கலவை 100-ஐத் தொடும், எடையோ அதிகம் ஏறாது. ஆனால் துகள் வளைந்து கொடுக்காது. சுற்றியுள்ள உலோகம் நீளும்போது துகளின் ஓரத்தில் தகைவு (உள்ளே எழும் விசை அழுத்தம்) குவிகிறது. துகள் விரிசல் விடும், அல்லது உலோகத்தை விட்டுப் பிரியும். அப்படி உண்டாகும் குழிகள் ஒன்று சேர்ந்தால் முறிவுதான். துகள்கள் ஒரே இடத்தில் திரண்டிருந்தால் இன்னும் மோசம். என்னைக் கேட்டால், சதவீதத்தைக் கூட்டுவதைவிடக் கலக்குவதில்தான் கவனம் வேண்டும். துகளை முதலில் சூடாக்கி ஈரத்தைப் போக்குங்கள். 1 சதவீதம் அளவில் மெக்னீசியம் சேருங்கள், உருகிய உலோகம் துகளில் நன்றாக ஒட்டும்.

சரி, உமிச்சாம்பல்? போடலாம். கரி போக எரித்தால் பெரும்பகுதி சிலிக்காதான் (சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்), எடையும் குறையும். ஆனால் சிலிக்காவின் விறைப்பு அலுமினியத்தை ஒட்டியதுதான், அதனால் குணகம் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், சிலிக்கா மெக்னீசியத்தோடு வினைபுரிந்து அதைத் தின்றுவிடும். 6061-க்கு வெப்பப் பதப்படுத்தலில் வலிமை தருவதே மெக்னீசியமும் சிலிக்கனும் என்பதால், இழப்பை ஈடுகட்ட மெக்னீசியத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.