10 மீட்டர் ஏர் பிஸ்டலில் குண்டு இடது கீழேயே போகிறது. குறியை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். சில மாதங்களாக க்ளப் பிஸ்டலில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறேன். வலது கைக்காரன். பத்து ஷாட்டுக்கு 70, 75-ஐத் தாண்ட முடியவில்லை. பெரும்பாலான குண்டுகள் இடது பக்கம் கீழே விழுகின்றன. சொந்தமாக நல்ல பிஸ்டல் வாங்கினால் சரியாகுமா? வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்:

இப்போதைக்குப் பிஸ்டல் வாங்காதீர்கள். மேட்ச் ஏர் பிஸ்டல் ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணத்தைப் போட்டாலும் உங்கள் குண்டு அதே இடது கீழ் மூலைக்குத்தான் போகும். க்ளப் பிஸ்டல் பழசாக இருக்கலாம். ஆனால் சீல் நன்றாக இருந்து, சிலிண்டரில் காற்று போதுமான அளவு இருந்தால், அதைப் பட்டறை வைஸில் பூட்டிச் சுட்டுப் பாருங்கள், குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். உங்கள் கோளாறு இருப்பது ட்ரிக்கர் விரலிலும் கண்ணிலும். இரண்டுக்கும் செலவில்லாத வைத்தியம் உண்டு.

முதலில் ஒரு கணக்கு. ஏர் பிஸ்டல் அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. அடுத்தடுத்த வளையங்கள் 16 மி.மீ. கூடிக்கொண்டே போகும்: ஒன்பது 27.5, எட்டு 43.5, ஏழு 59.5. நடுவில் உள்ள கறுப்பு வட்டம் முடிவது அந்த ஏழில்தான். சுடும் ஈயக் குண்டான பெல்லட் 4.5 மி.மீ. வளையக் கோட்டை லேசாகத் தொட்டாலே உள் வளையத்தின் மதிப்பு கிடைக்கும். அதனால் குண்டின் மையம் நடுவிலிருந்து 8 மி.மீ. தள்ளி விழுந்தாலும் அது பத்துதான். பாரிஸ் 2024-இல் மனு பாக்கர் வெண்கலம் வென்றதும் இதே அளவுப் பத்தைச் சுட்டுத்தான்.

இப்போது இரண்டு வகைத் தவறைப் பாருங்கள். பிஸ்டலின் முன்னும் பின்னும் குறிபார்க்க இருக்கும் சைட் இரண்டும் ஒழுங்காக ஒரே வரிசையில் நிற்க, கை மட்டும் மொத்தமாக 5 மி.மீ. ஆடினால் குண்டும் 5 மி.மீ. மட்டுமே தள்ளும். அது பத்து. கை ஆடாமல் நின்று, முன் சைட் மட்டும் பின் சைட் பள்ளத்துக்குள் 1 மி.மீ. நகர்ந்தால் கதையே வேறு. இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 350 மி.மீ. இருக்கும். 10 மீட்டருக்குப் போகும்போது அந்த 1 மி.மீ. ஏறக்குறைய 28 மடங்காகப் பெருகும். குண்டு 28 மி.மீ. தள்ளி விழும், ஏழு கிடைக்கும். உங்கள் சராசரி ஏழு என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

புதிதாகப் பழகுபவர் எல்லோரும் கை ஆட்டத்தை நிறுத்தத்தான் போராடுகிறார்கள். ஆட்டம் நிற்காது, உலகச் சாம்பியனுக்கும் நிற்காது, அளவு குறையும், அவ்வளவுதான். ஆடட்டும், விடுங்கள். சைட் வரிசை கலையாமல் ட்ரிக்கர் விழுந்தால் போதும்.

கண்ணில் தொடங்குவோம். பார்வை முன் சைட்டின் மேல் விளிம்பில் இருக்க வேண்டும். அந்த விளிம்பு பிளேடால் வெட்டியதுபோல் கூர்மையாகத் தெரிய வேண்டும், கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிய வேண்டும். வட்டம் தெளிவாகத் தெரிந்தால் நீங்கள் தப்பான இடத்தைப் பார்க்கிறீர்கள். முன் சைட்டின் இரு பக்கமும் வெளிச்சக் கீற்று சமமாக இருக்கட்டும், மேல் மட்டம் பின் சைட்டோடு ஒரே கோட்டில் நிற்கட்டும். இந்த வரிசையைக் கறுப்பின் நடுவில் வைக்காதீர்கள், கறுப்பில் கறுப்பு கரைந்துவிடும். கறுப்புக்குக் கீழே, கொஞ்சம் வெள்ளை தெரியும்படி வையுங்கள். ஒரு புள்ளியைப் பிடிக்க முயலாமல், உள்ளங்கை அகலப் பரப்பு ஒன்றை மனதில் வைத்து அதற்குள் ஆட விடுங்கள். புள்ளியைத் துரத்தினால் "இதோ வந்துவிட்டது" என்று விரல் பாயும். இடது கீழ் குண்டு பிறப்பது அந்த நொடியில்தான்.

கண்ணாடி போடுபவராக இருந்தால் ஒரு விஷயம். முன் சைட் கண்ணிலிருந்து சுமார் ஒரு மீட்டரில் இருக்கிறது. தூரப் பார்வைக்கான பவரோடு +0.50 சேர்த்தால் முன் சைட் சிரமமில்லாமல் தெளிவாகும், டார்கெட்டும் முழுக்கத் தொலையாது. கண்ணாடிக் கடையில் இதைச் சொல்லி ஒரு சாதாரண ஃப்ரேமில் போட்டுக் கேளுங்கள். மறு கண்ணை இறுக்கி மூடாதீர்கள், முகத் தசை இழுத்துப் பார்க்கும் கண்ணும் களைத்துப்போகும். கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்தால் போதும், அதன் அகலம் 30 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது.

இனி ட்ரிக்கர். விதிப்படி அது குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். இரண்டு கட்டமாக இருக்கும்: முதல் கட்டம் நீளமாக நகர்ந்து ஒரு சுவரில் முட்டும், அதற்கப்புறம் சிறிய அழுத்தத்தில் விழும். மொத்த எடையில் பெரும்பகுதி முதல் கட்டத்திலேயே இருக்கும்படி க்ளப்பில் வைத்துத் தரச் சொல்லுங்கள். கையைக் குறிப் பரப்புக்கு இறக்கும்போதே முதல் கட்டத்தை எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை, சைட்டைப் பார்த்தபடியே, நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே போங்கள். எந்த நொடியில் விழும் என்று உங்களுக்கே தெரியக் கூடாது.

வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் கேரம் ஆடிப் பழகியவருக்கு இது சட்டென்று புரியும்: ஸ்ட்ரைக்கரைத் தட்டும்போது விரல் மட்டும்தான் அசையும், மணிக்கட்டு பலகையில் அப்படியே கிடக்கும். ட்ரிக்கரும் அப்படித்தான். ஆள்காட்டி விரல் கிரிப்பின் மரத்தில் எங்கும் படக்கூடாது. விரலின் முதல் கணுவின் சதைப் பகுதி நடுவில் ட்ரிக்கர் உட்கார வேண்டும், அழுத்தம் நேராகப் பின்னோக்கி வர வேண்டும். விரல் நுனி மட்டும் பட்டால் குண்டு பக்கவாட்டில் தள்ளும்.

உங்கள் இடது கீழ் குண்டில் நடப்பது இதுதான். விரல் அழுத்தும் நேரத்தில் மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன, மணிக்கட்டு கீழே மடங்குகிறது. இதை நீங்களே பார்க்க ஒரு வழி. கோச்சையோ கூடப் பழகுபவரையோ உங்களுக்குத் தெரியாமல் சில ஷாட்டுக்கு பெல்லட் போட்டும், சில ஷாட்டுக்கு டிரை ஃபயரில் (பெல்லட் இல்லாமல் ட்ரிக்கர் மட்டும் விழும்படி) வைத்தும் கொடுக்கச் சொல்லுங்கள். வெற்று ஷாட் விழும் நொடியில் முன் சைட்டைக் கவனியுங்கள். பள்ளத்தின் நடுவில் நின்ற அந்தக் கறுப்புத் தூண் இடது கீழ் மூலைக்குள் ஒரு குதி குதித்து மறைந்து திரும்பி வரும். அந்தக் குதியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டிரை ஃபயர் வசதி இல்லாத ஸ்பிரிங் பிஸ்டலில் மட்டும் வெற்று ஷாட் அடிக்காதீர்கள், பிஸ்டன் அடிபடும்.

கிரிப்பை விருந்தாளியின் கையைக் குலுக்கும் அளவு இறுக்கத்தில் பிடியுங்கள். அந்த அளவு எதுவாக இருந்தாலும் ஷாட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை மாறக்கூடாது. அழுத்தம் தருபவை நடுவிரலும் மோதிர விரலும், நேராகப் பின்பக்கம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் சும்மா இருக்கட்டும். கட்டைவிரல் அழுத்தினால் குண்டு வலது பக்கம் போகும். கை கிரிப்பில் எவ்வளவு உயரமாக ஏறுமோ அவ்வளவு ஏற்றிப் பிடியுங்கள். மணிக்கட்டைப் பூட்டுங்கள், முழங்கையை நேராக்குங்கள். நம் ஊர் வேர்வையில் கிரிப் வழுக்கினால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிடி மாறும். ஒரு கைத்துண்டு வைத்து உள்ளங்கையையும் மரத்தையும் துடைத்துவிட்டுப் பிடியுங்கள். பின்னால் சொந்த பிஸ்டல் வரும்போது, கை தொடாத இடத்தில் எம்-சீல் வைத்து நிரப்பி, குத்துகிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கிரிப்பை உங்கள் கைக்குப் பொருத்துங்கள்.

நிற்கும் விதத்துக்கு ஒரே ஒரு சோதனை போதும். கால்களைத் தோள் அகலத்தில் வைத்து, கண்ணை மூடி, கையைத் தூக்கிக் குறியில் இறக்கிக் கண்ணைத் திறவுங்கள். பிஸ்டல் டார்கெட்டுக்கு இடமாகவோ வலமாகவோ இருந்தால் கையைத் திருப்பாதீர்கள், பின்னங்காலை நகர்த்துங்கள். நேராக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். மறு கையைப் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ செருகுங்கள். அடி தட்டையான ஷூ போடுங்கள், கணுக்காலை மூடும் ஷூ போட்டியில் அனுமதி இல்லை.

மூச்சு: கையை டார்கெட்டுக்கு மேலே தூக்கும்போது இழுத்து, இறக்கும்போது விட்டு, பாதியில் நிறுத்துங்கள். கை குறிப் பரப்பில் அமர்ந்த பிறகு ஐந்து முதல் எட்டு நொடிக்குள் ஷாட் விழ வேண்டும். பத்து நொடி ஆகியும் விழவில்லையா, கையை இறக்கிவிடுங்கள். இதைச் செய்ய மனம் வராது, "இவ்வளவு நேரம் பிடித்தோமே" என்று அழுத்தத் தோன்றும். அப்படி அழுத்தும் ஷாட்தான் ஐந்தும் ஆறும் ஆகிறது. போட்டியில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது, அவசரம் ஒன்றுமில்லை. ஷாட் விழுந்த பிறகும் ஒரு நொடியாவது சைட்டையே பாருங்கள், உடனே தலையைத் தூக்கி அட்டையைப் பார்க்காதீர்கள். பெல்லட் விநாடிக்கு சுமார் 150 மீட்டரில்தான் போகிறது. அது குழலைத் தாண்டும் முன் கை தளர்ந்தால் கீழே விழும்.

ரேஞ்சில் ஒரு நாளைக்கு 150 பெல்லட் சுடுவது வீண் என்பேன். 40 போதும். அட்டையைத் திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தில் 20 டிரை ஃபயர், அதே வெள்ளையில் 10 பெல்லட். பிறகு கறுப்புப் பக்கத்தில் ஒரு பெல்லட்டுக்கு இரண்டு டிரை ஃபயர் என்ற கணக்கில் 30 பெல்லட். ஒவ்வொரு ஷாட்டுக்கும், எங்கே விழுந்திருக்கும் என்று சைட்டை வைத்து முதலில் சொல்லுங்கள், பிறகு பாருங்கள். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போகத் தொடங்கினால் நீங்கள் முன் சைட்டை உண்மையிலேயே பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

வீட்டில் பிஸ்டல் இல்லாததால் கைக்கு பலம் சேர்க்கும் வேலை மட்டும் செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் பிஸ்டலும் ஏறக்குறைய ஒரே எடை. சுவரைப் பார்த்து நின்று, கையை நீட்டி 20 நொடி பிடித்து, 40 நொடி ஓய்வு. பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். தோள்பட்டை காதை நோக்கி ஏறக்கூடாது. ஒரு லிட்டர் கனத்தால் அரை லிட்டரில் தொடங்குங்கள்.

பின்னால் பிஸ்டல் வீட்டுக்கு வந்தால் டிரை ஃபயரை அறைக்குள், சுவரைப் பார்த்துச் செய்யுங்கள். பெல்லட் டப்பா வேறு அறையில் இருக்கட்டும். மொட்டை மாடியில் வேண்டவே வேண்டாம். நம் தெருக்களில் மாடிக்கு மாடி கை எட்டும் தூரம். துப்பாக்கியோடு ஒருவர் நிற்பதைப் பார்த்து யாராவது போலீஸைக் கூப்பிட்டால் அவர்கள் மேல் தப்பில்லை. மாடியில் பெல்லட் போட்டுச் சுடுவது அதைவிட ஆபத்து, சுவரில் பட்டுத் தெறித்தால் பக்கத்து மாடிக் குழந்தையின் கண்ணுக்குப் போகும். மெட்ரோ ஸ்டேஷன் ஸ்கேனரும் பிஸ்டலை விடாது, கொண்டுபோகும் வழியை முன்பே க்ளப்பில் கேட்டு வையுங்கள். இன்னொன்று: கடற்காற்று இரும்பை விடாது. உபயோகித்ததும் உலோகப் பகுதிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். ஈய பெல்லட்டில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். ரேஞ்சை விட்டு வெளியே வந்து டீ, வடையைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கையில் ஈயம் இருக்கிறது.

பின் சைட்டின் திருகை இப்போது தொடாதீர்கள். இடது கீழே போகிறதே என்று சைட்டை வலது மேலே தள்ளினால், விரல் ஒழுங்காக வேலை செய்த நல்ல ஷாட் வலது மேலே போய் உட்காரும். ஐந்து ஐந்து ஷாட்டாக நாலு க்ரூப் (சேர்ந்து விழும் குண்டுக் கொத்து) அடித்து, நாலும் சிறிதாக, ஒரே இடத்தில் விழுந்த பிறகுதான் திருகு. க்ரூப் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்த வேண்டும்.

இரண்டு வாரம் இப்படிச் செய்துவிட்டு வெள்ளைப் பக்கக் க்ரூப்பையும் கறுப்புப் பக்கக் க்ரூப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வெள்ளையில் சிறிதாகவும் கறுப்பில் பெரிதாகவும் இருந்தால் வட்டம் உங்கள் கண்ணை இழுக்கிறது, வெள்ளைப் பயிற்சியைக் கூட்டுங்கள். இரண்டும் ஒரே அளவில், இரண்டும் இடது கீழே இருந்தால் கண்ணில் கோளாறு இல்லை. கிரிப்பும் ட்ரிக்கர் விரலும்தான், கோச்சைப் பக்கத்தில் நிற்க வைத்து உங்கள் மூன்று விரல்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.