அவனிடம் கேட்காதீர்கள்

கேள்வி: 2014 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் டி மரியா காயத்தால் இறங்கவில்லை. அர்ஜென்டினா தோற்றது. ஊசி போட்டுக்கொண்டு ஆடியிருக்கலாமே? கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள் இந்த வலியைக்கூடத் தாங்க மாட்டார்களா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: டி மரியா ஆடத் துடித்தார், ஐயா. பெல்ஜியத்துடனான காலிறுதியில் தொடைத் தசை கிழிந்தது. கால் போனாலும் போகட்டும், ஊசியைப் போடுங்கள் என்ற நிலையில்தான் இருந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். இறுதி ஆட்டத்தன்று பயிற்சியாளர் சபெல்லாவிடம் பேசப் போய், பேச்சு வராமல் அழுதிருக்கிறார். சபெல்லா என்சோ பெரெஸை இறக்கினார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

"ஆடுவாயா?" என்று கேட்டால் எந்த ஆட்டக்காரனும் ஆடுவேன் என்றுதான் சொல்வான். நானும் சொன்னேன். சென்னை லீக்கில் பதினோரு வருடம் ரைட் பேக், அதாவது வலது புறத் தடுப்பாட்டக்காரன். ஒரு சீசனில் வலது கணுக்கால் பிசகியது. டேப்பைச் சுற்றிக்கொண்டு ஏழு ஆட்டம் ஆடினேன். நான் வெளியே உட்கார்ந்தால் பெஞ்சில் இருக்கும் பையன் என் இடத்தைப் பிடித்துவிடுவான், அந்தப் பயம்தான். ஏழாவது ஆட்டத்துக்கு முன் மரத்துப்போக ஊசி போட்டார்கள். தொண்ணூறு நிமிடமும் வலியே தெரியவில்லை. மறுநாள் செருப்புக்குள் கால் நுழையவில்லை. இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மாம்பலம் ஸ்டேஷன் படியில் கைப்பிடியை விட்டுவிட்டு இறங்க முடியாது.

ஊசி வலியை நிறுத்தும், கிழிசலைத் தைக்காது. வலிதான் காலை மெதுவாக ஊன்றச் சொல்கிறது. அது அடங்கிவிட்டால் ஓடுகிறவன் முழு வேகத்தில் ஓடுவான். இரண்டு மூன்று வாரத்தில் ஆற வேண்டிய தசை மாதக்கணக்கில் படுக்க வைக்கும்.

அணிக்காவது லாபமா? அதே 2014இல், மே 24, லிஸ்பனில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி. அட்லெடிகோ மாட்ரிட்டும் ரியல் மாட்ரிட்டும் மோதின. அட்லெடிகோ மாட்ரிட்டின் டியேகோ கோஸ்டாவுக்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் ஹாம்ஸ்ட்ரிங், அதாவது பின்தொடைத் தசை, போயிருந்தது. இருந்தும் இறக்கினார்கள். 9ஆவது நிமிடத்தில் வெளியேறினார். அன்று மூன்று மாற்று வீரர்களுக்குத்தான் அனுமதி, அதில் ஒன்று அப்போதே தீர்ந்தது. 93ஆவது நிமிடத்தில் ரியலின் ராமோஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் அட்லெடிகோவின் ஹுவான்ஃப்ரான் நொண்டிக்கொண்டிருந்தார். மாற்ற ஆள் இல்லை. 4-1 என்று ரியல் வென்றது. அந்த ஒன்பது நிமிடம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அர்ஜென்டினாவின் பட்டிஸ்டுட்டா கணுக்கால் வலியோடு வருடக்கணக்கில் ஆடியவர். 2005இல் ஓய்வு பெற்ற பிறகு, கட்டிலிலிருந்து சில அடி தள்ளியிருக்கும் கழிவறைக்கு நடக்க முடியாமல் படுக்கையிலேயே சிறுநீர் கழித்ததாகச் சொன்னார். கால்களை வெட்டிவிடுங்கள் என்று டாக்டரிடம் கெஞ்சியிருக்கிறார். அவர் வாங்கிய சம்பளத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லா வலிக்கும் உட்கார வேண்டும் என்று சொல்லவில்லை. உதைபட்ட வீக்கம், பெயர்ந்த கால் நகம், கைவிரல் முறிவு, இதையெல்லாம் கட்டிக்கொண்டு ஆடலாம். 1970 உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியின் பெக்கன்பவர் தோள் விலகி, கையைக் கட்டுப்போட்டபடி ஆடினார். மாற்று வீரர்கள் தீர்ந்திருந்தார்கள், வேறு வழியில்லை. இப்போது ஐந்து பேரை மாற்றலாம். தசை, தசைநாண், மூட்டு என்றால் முடிவை ஆட்டக்காரனிடம் விடக்கூடாது. கோச்சிடமும் விடக்கூடாது, அவர் வேலையும் அந்த ஸ்கோரில்தான் தொங்குகிறது. ஆடக்கூடாது என்று டாக்டர் சொன்னால் அந்தப் பேச்சு அதோடு முடிய வேண்டும்.

டி மரியா 2021இல், 2014 இறுதி நடந்த அதே மரக்கானா மைதானத்தில், பிரேசிலுக்கு எதிராக ஒரே கோலை அடித்துத் தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவை வாங்கிக் கொடுத்தார். 2022 உலகக் கோப்பை இறுதியிலும் கோல் அடித்தார்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. ஓடினால் பின்தொடை இழுக்கிறது என்கிறான். அடுத்த வாரம் மாவட்டப் போட்டி. அனுப்பலாமா?
- ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. எலும்பு மூட்டு டாக்டரிடமோ பிசியோவிடமோ இந்த வாரமே காட்டுங்கள். கோச்சிடம் நீங்களே பேசுங்கள், பையனைச் சொல்ல விடாதீர்கள். போட்டியன்று அவனை மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். வீட்டில் தனியாக விட்டால் அழுவான்.